வெள்ளிக்கிழமைக் காலிக் கட்டம்

ராகுகாலம் பார்க்கிறவள் என்று என்னைக் கேலி செய்கிறவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். நான் கோகிலவாணி. திருச்செங்கோட்டில் ஒரு தனியார் ரத்த வங்கியில் பதினொரு வருஷமாக லேப் டெக்னீஷியன். ராகுகாலத்தில் புது வேலை எதையும் தொடங்க மாட்டேன். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைத் தவிர. அதிலும் என்மேல் தப்பில்லை என்று இன்றுவரை ஒற்றைக்காலில் நிற்கிறாள் ஜஹானாரா. இது அவளைப் பற்றியதுதான்.

ஜஹானாரா சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரி. அவளுடைய அத்தா முகம்மது ஹனீப்புக்கு அங்கே மொத்த மளிகைக் கடை. கல்லாவில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று அடம்பிடித்துக் கம்ப்யூட்டர் படித்தவள். இப்போது அம்மாபேட்டையில் மாடி வீட்டிலிருந்தே வேலை. என்ன வேலை என்று எனக்குப் புரியவே ஒரு மாசம் ஆயிற்று. எங்கள் வங்கியின் விவரமெல்லாம் விலை அதிகமான ஒரு வெளிநாட்டு டேட்டாபேஸில் இருந்தது. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருக்கும் இன்னொரு டேட்டாபேஸ் உண்டு. பழையதற்காக எழுதிய புரோகிராம் புதியதிலும் ஓர் எழுத்து மாறாமல் ஓட வேண்டும். நடுவில் நின்று அதை ஓட வைக்கும் பகுதியைத்தான் இவள் எழுதுகிறாள். அதையும் இலவசமாகப் பொதுவில் போட்டிருக்கிறாள்.

எங்கள் வங்கியைப் புதியதற்கு மாற்ற மூன்று மாசம் எங்களிடம் வந்து போனாள். என்னோடு டீ குடித்தாள், சண்டை போட்டாள். “ஏன்க்கா, எல்லாத்தையும் நோட்டுலயும் எழுதுறீங்க, கம்ப்யூட்டர்லயும் அடிக்கிறீங்க? எதைத்தான் நம்புறீங்க?” என்பாள். “ரெண்டையும் நம்பறதில்லைங்க சாமி, அதான் ரெண்டு” என்பேன். புதியது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் காலை ரத்ததான முகாமிலிருந்து பத்துப் பை ரத்தம் வந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். நான் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். பத்தேகாலுக்கே பத்துப் பைகளுக்கும் பதிவைத் தொடங்கினேன். பரிசோதனை முடிவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுச் சேமித்தேன். நல்ல நேரத்தில் தொடங்கியாயிற்று. பன்னிரண்டுக்கு மேல் பரிசோதனை போட்டு முடிவை நிரப்பிக்கொள்வேன். பதினொரு வருஷமாக இப்படித்தான். முடிவு நிரப்பாத பையைப் பழைய கம்ப்யூட்டர் வெளியே விடவே விடாது.

பதினொரு மணி இருக்கும், போன் அடித்தது. ஜஹானாரா. குரலே சரியில்லை.

“அக்கா, ஓ நெகட்டிவ் பை ஒண்ணு, முகாம்ல வந்தது, எங்க இருக்கு?”

“ஃபிரிட்ஜுலதான் இருக்கோணும். இன்னும் டெஸ்டே போடலீங்களே.”

“முடிவுக் கட்டம் காலியா இருக்கு, ஆனா ரெடின்னு காட்டுதுக்கா. டெஸ்ட் முடிஞ்சு சுத்தம்னு காட்டுது. இங்க இருந்து பாத்துட்டிருக்கேன், இப்ப யாருக்கோ குடுத்தாச்சுன்னு வருது!”

கவுண்டருக்கு ஓடினேன். அங்கே பை கொடுக்கும் இளவழகன் சாவகாசமாக ரசீதைக் கோத்துக்கொண்டிருந்தான். “ஆமாங்கக்கா, குடுத்துட்டேன். பிரசவ கேஸுங்க, நிக்காம ரத்தம் போவுதாமா. கம்ப்யூட்டர்ல ஓ நெகட்டிவ் ஒரே ஒரு பை இருந்துது, ரெடின்னு பச்சை காட்டுச்சு. லேபிள் அடிச்சு ஐஸ் டப்பாவுல வெச்சு அவங்க ஊட்டுக்காரருகிட்ட குடுத்தனுப்பிட்டேன். பைக்குல பறந்துட்டாருங்க.”

அந்தப் பெண் ராசாத்தி. இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி சங்ககிரி ரோட்டில், எங்களிடமிருந்து கால் மணி நேரம். புருஷன் அர்த்தநாரி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரைவர். அவர் எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பைக்கில் போகிறவர் எப்படி எடுப்பார்? ஆஸ்பத்திரி எண் பிஸி. கால் மணி நேரம் திரும்பத் திரும்ப அடித்தேன், பிஸி. பரிசோதிக்காத ரத்தம். மஞ்சள் காமாலையோ எய்ட்ஸோ எது இருக்கிறதென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். என் கையெழுத்தில் போயிருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது எனக்கு. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சௌந்திரத்தின் எண் என்னிடம் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“சௌந்திரம், பையை ஏத்தாதே! ஏத்தாதே!”

“ஸ்டாண்டுல மாட்டிட்டேனுங்கக்கா, டியூப்புல எறங்கிட்டிருக்குது...”

“கையில குத்தலையே?”

“இன்னும் இல்லீங்க.”

“எடுத்துரு. அது டெஸ்ட் பண்ணாதது.”

போனை டாக்டர் பிடுங்கிக்கொண்டார். “வெளையாடறீங்களா? லேபிள்ல சுத்தம்னு போட்டிருக்குது. இங்க பொம்பளை துணி மாதிரி வெளுத்துக் கெடக்கறா. ஏத்தலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க!”

வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பையின் மாதிரிக் குழாய் என்னிடம் இருந்தது. ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பரிசோதனை அட்டையில் போட்டால் இருபது நிமிஷத்தில் தெரியும். ராகுகாலமாவது மண்ணாங்கட்டியாவது, உடனே போட்டேன்.

அட்டை வேலை செய்துகொண்டிருக்கும்போது ஜஹானாரா மறுபடி கூப்பிட்டாள். பின்னால் ஹாரன் சத்தம்.

“அக்கா, சேலத்துல ஒரு பேங்க்ல ஓ நெகட்டிவ் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு அடிச்சுச் சொன்னேன், அந்த டாக்டரே அவங்ககிட்ட பேசிட்டாங்க. நான் கார்ல போயிட்டிருக்கேன், வாங்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்.”

“இருங்க, ரிசல்ட் வரட்டும். நல்லதா இருந்தா...”

“கெட்டதா இருந்தா? நான் வாரேன்க்கா.”

பதினொன்று நாற்பதுக்கு அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. மஞ்சள் காமாலைக் கிருமி. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சேலத்துப் பை எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதன்பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் அர்த்தநாரி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் யாரென்று தெரிந்ததும், “குடுத்ததையும் புடுங்கிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?” என்று கத்தினார். பன்னிரண்டரைக்குக் கார் வந்தது. ஜஹானாரா டப்பாவை மார்போடு கட்டிப்பிடித்தபடி இறங்கினாள். சௌந்திரம் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

ராசாத்தி பிழைத்தாள். ஆனால் ரத்தப்போக்கை நிறுத்த வேறு வழியில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: “உங்க கம்ப்யூட்டர் மொதல்லயே இல்லைன்னு சொல்லியிருந்தா, அப்பவே சேலத்துல இருந்து வரவெச்சிருப்பேன். முக்கால் மணி நேரம் முன்னால ரத்தம் வந்திருக்கும். எடுக்க வேண்டியிருந்திருக்காது.”

ஜஹானாரா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். பழைய டேட்டாபேஸில் காலிக் கட்டமும் முடிவே இல்லாததும் ஒன்றுதான். முடிவு இல்லை என்று பையை நிறுத்திவிடும். புதியதில் இரண்டும் வேறு வேறு. காலியாக விட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளும். பதில் இருக்கிறது, கிருமி என்று போட்டிருக்கவில்லை, அப்படியானால் சுத்தம். நடுவில் இருக்கும் இவளுடைய பகுதிதான் அதைச் சரிசெய்திருக்க வேண்டும்.

“ரெண்டு மாசம் முன்னால என் பகுதியை எடுத்து ஓட்டிப் பாத்த யாரோ ஒருத்தர் இதையே சொல்லிப் புகார் போட்டாருக்கா. வேணும்னே ஒண்ணுமில்லாததைச் சேமிக்கிறவங்க யாரு இருக்கான்னு எழுதி மூடிட்டேன். அத்தா கடையில பத்தரைக்கு முன்னால ஒரு கால் கிலோ மஞ்சளாவது போட்டு வைங்க, மீதியை அப்புறம் வாங்கிக்கிறோம்னு வெள்ளிக்கிழமை எத்தனை பேரு வந்து நிப்பாங்க! பாத்துப் பாத்து வளந்தவ நான். எனக்குத் தெரியாம போச்சே!”

நான் வாய்விட்டு அழுதேன். எங்கள் மேனேஜர் போனில் என்னைக் கூப்பிட்டு, ஆள் பிழைத்துவிட்டாள், லேபிள் மாறிவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம் என்றார். ஜஹானாரா போனை வாங்கி, “முடியாதுங்க சார்” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மடிக்கணினியை அந்தப் படியிலேயே திறந்தாள். முதல் வேலையாக எங்கள் கவுண்டரில் எந்தப் பையும் வெளியே போகாதபடி நிறுத்தினாள். பிறகு மூடிய புகாரைத் திறந்து, அதே பகுதியைப் பயன்படுத்துகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்கும்படி, தன் பெயரைப் போட்டு, நடந்ததை எழுதினாள். மூன்று மணிக்குள் திருத்தமும் போட்டுவிட்டாள்.

அதன்பிறகு அர்த்தநாரியிடம் போய் முழுவதையும் சொன்னாள். முக்கால் மணி நேரக் கணக்கையும் மறைக்கவில்லை. அவர் அடித்துவிடுவார் என்று பயந்து நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் ஜஹானாரா கையிலிருந்த மடிக்கணினியைக் காட்டிக் கேட்டார்:

“இனிமே அது பொய் சொல்லாதுங்களா?”

“இந்த ஒண்ணைச் சொல்லாதுங்கண்ணா. வேற எதுலயும் சொல்லாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க.”

“பின்ன எதை நம்பி, யாரு உசுருக்குங்க அதை வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார் அர்த்தநாரி.

உள்ளே குழந்தை அழுதது. அவர் குழந்தையிடம் போனார்.