எண்ணூறு கிராம் ஜாஸ்தி

எங்கள் ஊர் கபடி டீமின் வரலாற்றைச் சொல்லி முடிக்க, தியாகதுருகத்தில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சியில் இறங்குகிற நேரமே ஜாஸ்தி. பெரிதாக எதையும் ஜெயித்ததில்லை. ஆனால் மூன்று முறை பெயர் மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் 'ஏழு சிங்கங்கள்'. பிறகு ஓர் உரக்கடைக்காரர் பனியன் எடுத்துக் கொடுத்தார் என்பதற்காக, காலமான அவருடைய அப்பா பெயரில் நினைவுக் கபடிக் குழு ஆனது. அந்தப் பெரியவர் உயிரோடு இருந்தவரை கபடி ஆடுகிற பையன்களைக் கண்டால் கல்லெடுத்து எறிவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அடுத்து நகைக்கடை. அதற்கும் அடுத்து மனை விற்கிற ஒருவர். அவர் கொடுத்த மஞ்சள் பனியனில் ஆட்டக்காரர் எண் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய போன் நம்பர் இருந்தது. யார் அவுட் என்று சொல்லத் தெரியாமல் நடுவர்கள் திண்டாடினார்கள்.

கிரவுண்டும் நிலையில்லை. ஏரி காய்ந்திருந்தால் ஏரிக்குள் ஆடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டால் கரும்பு வெட்டிய கொல்லைக்கு வருவார்கள். கரும்பு துளிர்த்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். ஹெட்மாஸ்டர் விரட்டினால் மறுபடியும் ஏரிக்கரையில் போய் நின்று, தண்ணீர் எப்போது வற்றும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எவனாவது ஒருத்தன் நன்றாக ஆட ஆரம்பித்தால், அடுத்த சீசனுக்குள் டவுன் டீம்காரர்கள் பைக்கில் வந்து அவனைக் கூட்டிப் போய்விடுவார்கள். அங்கிருந்து இன்னும் பெரிய டீம், அப்புறம் விளையாட்டு கோட்டாவில் ஒரு வேலை. எங்கள் டீம் ஒரு நாற்றங்கால் மாதிரி, வளர்த்துக் கொடுப்பதோடு சரி. ஒன்பது வருஷமாகப் பிடுங்கப்படாமல் அங்கேயே நின்ற ஒரே நாற்று என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. லெஃப்ட் கார்னரில் நிற்பார். கேப்டனும் அவர்தான்.

"நம்மூருக்கு எவன் வந்து பாக்குறான்? ஒருத்தன், ஒரே ஒருத்தன் பாத்திருந்தா நான் இந்நேரம் எங்கியோ போயிருப்பேன்" என்பார். சோறு தின்னும்போது சொல்வார், பல் விளக்கும்போதும் சொல்வார். நாங்களும் அதை முழுசாக நம்பினோம்.

அப்படி ஒருத்தர் வரப்போகிறார் என்று தெரிந்தபோது எனக்கு எட்டு வயது. வெள்ளிமலையில் அறுபது கிலோ மேட்ச். அதாவது ஆடுகிற ஒவ்வொருத்தரும் அறுபது கிலோவுக்குள் இருக்கவேண்டும். அதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய டீமின் கோச் வருகிறார், இரண்டு பேரை எடுக்கப்போகிறார், எடுத்தால் வேலையும் உண்டு, ஆனால் இருபத்தாறு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. மாமாவுக்கு அதற்கடுத்த மாதம் இருபத்தாறு முடிகிறது.

மாமா அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கிற வேலையில் இருந்தார். அந்தத் தராசிலேயே தன்னையும் நிறுத்துப் பார்த்தார். இரண்டரைக் கிலோ கூடுதல். அன்றிலிருந்து நாலு நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. மாமா ராத்திரிச் சாப்பாட்டை விட்டார், பிறகு மதியச் சாப்பாட்டையும் விட்டார். கம்பளியைச் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் ஏரிக்கரையில் ஓடினார். வாயில் புளியை ஒதுக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலையெல்லாம் ஒரு பெயிண்ட் டப்பாவில் துப்பிக்கொண்டே இருந்தார். எடை மேட்ச் ஆடுகிறவர்கள் எங்கள் பக்கம் செய்வதுதான் அது. டப்பா நிறைய நிறைய எடை குறைகிறது என்று நினைத்து, நான் மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்ப்பேன். கடைசி நாள் மொட்டையும் அடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எந்தச் சாமிக்குடா வேண்டிக்கினு மொட்ட அடிச்சே?" என்று அம்மா கத்தினாள்.

"தராசுக்குத்தான்" என்றார் மாமா.

மேட்ச் அன்று விடியற்காலை ஆலைக்குப் போய் நிறுத்துவிட்டு வந்தார். அறுபதுக்கு முந்நூறு கிராம் கம்மி. அப்பா சொந்தமாகக் குட்டி யானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். டீம் முழுவதையும் அதில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நான் அழுது புரண்டு ஏறியவள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா என்னைச் சொல்வாள், அதனால் என்னை உட்கார வைக்க என் மடியில் ஒரு டிபன் டப்பாவை வைத்தாள். உள்ளே பொடி தடவிய பத்து இட்லி.

"எட போட்டதும் ஒன் மாமனுக்குக் குடு. அதுக்கு முன்ன தெறக்காத."

மாமா அதற்கு மேல் போனார். "நானே வந்து கேட்டாலும் குடுக்காத பாப்பா. கால்ல வுழுந்தாலும் குடுக்காத. இன்னா, புரிஞ்சிதா?"

அவ்வளவு பெரிய பொறுப்பை அதற்குமுன் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறி ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்தபோதெல்லாம் டப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு எடை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்தும் ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று, தராசு வரவில்லை. விசாரித்தால், அது சந்தையில் சாமை மூட்டை நிறுத்துக்கொண்டிருக்கிறது, அந்த வேலை முடிந்துதான் வரும் என்றார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கபடிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓடினேன், அந்தப் பக்கம் ஓடினேன், கம்பத்தைச் சுற்றினேன். மாமாவும் உட்காரவில்லை. நடந்தார், நின்றார், ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். பந்தலுக்கு அடியில் வெள்ளை டிராக் பேண்ட் போட்ட ஒருவர் நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தபின் அந்த நடை இரண்டு மடங்கானது. அவர்தான் மெட்ராஸ் கோச்.

மத்தியானம் மாமா என்னிடம் வந்தார். உதடு வெடித்துக் கிடந்தது.

"பாப்பா, ஒண்ணே ஒண்ணு."

மாட்டேன் என்று தலையாட்டினேன். போனார். திரும்பி வந்து எனக்கு முன்னால் குந்தினார். "மயக்கம் வருதும்மா. ரெண்டு குடு, போதும்." அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. திறந்து கொடுத்தேன். இரண்டே இரண்டு இட்லி. அதைக்கூட அவர் ருசித்துத் தின்னவில்லை, விழுங்கினார்.

பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனார். டப்பாவோடு நானும் பின்னால் போனேன். குழாயில் வாயை வைத்தவர் எடுக்கவே இல்லை. நிமிர்ந்து பந்தல் பக்கம் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த கோச்சையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். மறுபடி குனிந்து குடித்தார். இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார், இன்னொரு தரம் குடித்தார். என் கவலை முழுவதும் இட்லி மேல் இருந்தது. தண்ணீரைப் பற்றி யாரும் எனக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று மணிக்குத் தராசு வந்தது. எங்கள் டீமில் ஒவ்வொருத்தராக ஏறி இறங்கினார்கள். மாமா ஏறினார். எழுதுகிறவர் இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்.

"எண்ணூறு கிராம் ஜாஸ்திங்க."

எங்கள் ஆட்கள் கொதித்துப்போய்விட்டார்கள். தராசு தப்பு, மூட்டை போட்டுப் போட்டு முள் போயிடுச்சி என்று ஒருத்தர் கத்தினார். மாமாதான் அவரை அடக்கினார். "தராசு சரியாத்தான் கீது, வுடு." மேட்ச் நடத்துகிறவர்கள் எடையைக் குறைக்க அரை மணி நேரம் தந்தார்கள். ஒருத்தர் கம்பளியை எடுத்து நீட்டி, "ஓடுண்ணா, எறங்கிடும், ஓடு" என்று கெஞ்சினார். மாமா கம்பளியை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அதைப் பார்த்தபடியே நின்றார்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "நான்தான் இட்லி குடுத்தேன்! நான்தான் குடுத்தேன்!" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமா குறுக்கே வந்து நின்றுகொண்டார். "கொழந்த மாமா. பசின்னு கேட்டேன், குடுத்துச்சி. அது இன்னா பண்ணும்?" என்றார் அப்பாவிடம். பிறகு தன் பனியனைக் கழற்றி, கூட வந்திருந்த மாற்று ஆட்டக்காரரிடம் கொடுத்தார். லெஃப்ட் கார்னரில் அவர் இறங்கினார். அன்று சாயங்காலம் கோச் நோட்டில் எழுதிக்கொண்டு போன இரண்டு பெயரில் ஒன்று அவருடையது. இப்போது போலீசில் இருக்கிறார். ஊருக்கு வந்தால் மாமாவைப் பார்க்காமல் போகமாட்டார்.

மாமா ஆலையிலேயே இருந்துவிட்டார். அவருடைய பேச்சு மட்டும் மாறியது. எவன் வந்து பார்க்கிறான் என்பது போய், "வந்து பாத்தான், எட்டிப் புடிக்கிற தூரத்துல வேல இருந்துச்சி, இந்தப் பொண்ணு இட்லியக் குடுத்துக் கவுத்துட்டா" என்று ஆனது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பல வருஷம் நான் இட்லியைத் தொடவில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். அந்தக் கணக்கை மாமாவோடு சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆனது. காலேஜ் ஹாஸ்டலில் என் தோழி ஒருத்தி, உடம்பைக் குறைக்கிறேன் என்று தின்பதையெல்லாம் குட்டித் தராசில் நிறுத்துப் பார்ப்பாள். ஒருநாள் காலை அவள் வைத்த இட்லி ஐம்பது கிராம்கூட இல்லை. நான் கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு இட்லி நூறு கிராம். விடியற்காலை அவர் முந்நூறு கம்மியாக இருந்தார். மூன்று மணிக்கு எண்ணூறு ஜாஸ்தி. இட்லி போக மிச்சம் ஒரு கிலோவும் குழாய்த் தண்ணீர். தினம் நூறு மூட்டை நிறுக்கிற மனிதருக்குத் தண்ணீரின் எடை தெரியாதா? ஒன்பது வருஷம் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரை அன்றைக்கு ஒருவர் பார்க்கப்போகிறார். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு பாவமாக இருந்தது.

போன வருஷம் என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மாமா இந்தக் கதையைச் சொன்னார். இரண்டு இட்லி ஆறு இட்லியாகியிருந்தது. "உண்மையாம்மா?" என்று என் வருங்கால மாமியார் கேட்டார்.

"ஆமாங்க. நான்தான் குடுத்தேன்" என்றேன்.

மாமா என்னைப் பார்க்காமல் பந்திக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டார்.

அன்று மலையிலிருந்து இறங்குகிற வழியெல்லாம் மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் தலையிலிருந்து கையை எடுக்காமலே வந்தார். இவ்வளவு பெரிய தப்பு செய்தும் என்னை மன்னித்துவிட்டாரே என்று நினைத்து நினைத்து அழுதேன். அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.