நேற்றா, நாளையா

இந்தித் தேர்வு அத்தனையும் முதல் வகுப்பில் தேறியவன் என்று, டெல்லிக்கு வந்த நாளாய்ப் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்த இந்திதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

இமயமலை ஏறுவதற்கென்று வாங்கி, லோதி ரோடு காய்கறிக் கடையைத் தாண்டாத பழைய ஜீப் ஒன்று என்னிடம் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஸ்டியரிங் உதறியதால் முனிர்காவில் மெக்கானிக் ரஷீத் பாயிடம் விட்டேன். முன் அச்சைக் கழற்றி பேரிங் மாற்றினார். மறுநாள் போனில், ஸ்டியரிங் ராடின் நட்டைப் பற்றி ஏதோ வேகமாகச் சொன்னார். எனக்குப் பிடிபட்டது "கல்" மட்டும். இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். நேற்றே இறுக்கிவிட்டார் என்று நானாக முடிவு கட்டினேன்.

மாலையில் மனைவியோடு போனேன். ரஷீத் பாய் டீ குடிக்கப் போயிருந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ரிங் ரோட்டில் ஏறப்போகும் இடத்தில் ஒரு சைக்கிள் எங்களை முந்திக் குறுக்கே நின்றது. ரஷீத் பாய்.

"உதரியே, ஸாப்" என்று மூச்சிரைக்க இறங்கச் சொன்னார். வண்டிக்கடியில் படுத்து, அந்த நட்டை இரண்டே விரலால் சுழற்றி எடுத்துக் காட்டினார். ரிங் ரோடு வேகத்தில் அது கழன்றிருந்தால் ஸ்டியரிங் என் கையில் இருந்திருக்கும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போயிருக்கும்.

திட்டுவார் என்று நின்றேன். "நாளைக்குத்தான் இறுக்குவேன் என்று நான் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும், ஸாப்" என்றார் இந்தியில், மிக நிதானமாக, நட்டை இறுக்கிக்கொண்டே. என் தப்பையும் தானே எடுத்துக்கொண்ட அந்த மனிதரை நினைக்காமல் இன்றும் நான் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும், அவர் சைக்கிளில் துரத்தி வந்ததை மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவள் சொன்னாள்: "பாவம், எதுக்கு சைக்கிள் மிதிச்சார்? நீங்க ஓட்டுற வேகத்துக்கு நடந்தே வந்து பிடிச்சிருக்கலாம்."