வான்கோழிக் குஞ்சுக்குச் சாப்பிடத் தெரியாது

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வையம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர், ஒரு வான்கோழிச் சேவலையும் மூன்று பெட்டைகளையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். உறையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. நான் துணி காயப்போடுகிற இடம். அன்றோடு அது போயிற்று.

"உனக்கு ஒரு வேலையும் இல்ல. எல்லாம் நானே பார்த்துக்கறேன்" என்றார்.

நான் பிளவுஸ் தைப்பவள். முகூர்த்த மாதங்களில் தலை நிமிர நேரமிருக்காது. ஆனாலும் சரி என்றேன். அவர் ஃபிட்டராக இருந்தவர். கை சும்மா இருந்தால் ஆளே சோர்ந்துவிடுவார்.

முதலில் சேவலால் தொந்தரவு வந்தது. அதன் எடையைப் பெட்டைகளால் தாங்க முடியவில்லை. இணைசேர மேலே ஏறி மிதிக்கும்போது நகம் கிழித்து, ஒன்றின் முதுகில் தோலே உரிந்துவிட்டது. மஞ்சள் குழைத்துப் போட்டும் ஆறவில்லை. கடைசியில் பழைய ஸ்கூல் பையின் கான்வாஸை வெட்டி, இறக்கைக்கு அடியில் பட்டி வைத்து, மூன்றுக்கும் முதுகுச் சட்டை தைத்துப் போட்டேன். துணி கொடுக்க வந்த பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முட்டைகள் சேர்ந்ததும் அவர் தெர்மோகோல் பெட்டிக்குள் பல்பும் சின்ன ஃபேனும் பொருத்திப் பொரிக்க வைத்தார். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி. காலை, மதியம், மாலை திருப்பி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாரமே, பின்னால் போட்டிருந்த வான்கோழிக் கொட்டகை மேல் வலை கட்ட ஏறியவர் சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவர் கட்டிலோடு கிடந்தார்.

ஆஸ்பத்திரி நாட்களிலேயே முட்டைகள் என் தலையில் விழுந்துவிட்டன. வீட்டுக்கு வந்தபின் அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுப் பெட்டியிடம் போவேன். கட்டிலிலிருந்து குரல் வரும்.

"திருப்பிட்டியா?"

"திருப்பிட்டேங்க."

"பல்பு எரியுதா பாரு."

"எரியுது. என் வயிறும் சேர்ந்து எரியுது."

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மகள் போனில் திட்டினாள். "அந்த முட்டையெல்லாம் தூக்கிப் போடும்மா. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

ஒரு மத்தியானம் உண்மையிலேயே கூடையை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். கடைசியாக ஒன்றை டார்ச் மேல் வைத்துப் பார்த்தேன். சிவப்பு நூல் மாதிரி நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. மூடிவிட்டேன். இரக்கம் என்று சொல்ல மாட்டேன். தூக்கிப் போய்க் கொட்டவும் தெம்பு வேண்டுமே.

பாதிக்கு மேல் பொரிந்தன. அப்பாடா என்று உட்கார முடியவில்லை. வான்கோழிக் குஞ்சுக்குச் சாப்பிடத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. தீவனமும் தண்ணீரும் முன்னால் இருக்க, நின்று கத்துகின்றன. வேகவைத்த முட்டையை உதிர்த்து, வெங்காயத் தாளை நறுக்கிப் போட்டு, தட்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். சில கொத்தின. பல கொத்தவில்லை. மறுநாள் நான்கு செத்துக் கிடந்தன.

அவரிடம் சொன்னேன். "கூட ரெண்டு நாட்டுக்கோழிக் குஞ்சை விட்டா, அதைப் பார்த்துக் கத்துக்கும்னு வையம்பட்டியில சொன்னாங்க" என்றார்.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"மறந்துட்டேன். வலியில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது." சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன்னை ரொம்பப் படுத்தறேன்."

ஆமாம் என்பதும் உண்மை, இல்லை என்பதும் உண்மை. அடுத்த தெருவில் கோழி வளர்ப்பவளிடம் போய் இரண்டு குஞ்சுகள் வாங்கி வந்து உள்ளே விட்டேன். விட்ட நிமிஷமே அவை தட்டில் கொத்த ஆரம்பித்தன. வான்கோழிக் குஞ்சுகள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்று முதலில் கோழிக்குஞ்சின் மூக்கையே கொத்தியது. பிறகு தட்டை. சாயங்காலத்துக்குள் எல்லாம் தின்றன.

இரண்டைக் கூடையில் வைத்து அவர் பக்கத்தில் கொண்டுபோனேன். விரலை நீட்டினார். ஒன்று நகத்தைக் கொத்தியது. விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நான் அங்கேயே சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனேனாம்.

குஞ்சுகள் வளர்ந்ததும் முசிறியில் வாழைத்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் வந்து அவற்றை மொத்தமாக வாங்கிப் போனார். பழைய சேவலும் பெட்டைகளும் மட்டும் மிஞ்சின. அதற்குள் இவர் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். "போய் ரெண்டு நாள் மக வீட்டுல இருந்துட்டு வா" என்று அவரே சொன்னார். போனவள் காபியைக்கூடக் குடிக்காமல் படுத்தேன். பொழுது சாய்ந்த பிறகு போன் அடித்தது.

"பெட்டை மறுபடி முட்டை போட ஆரம்பிச்சிடுச்சு. என்ன பண்ணலாம்?"

"ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது தோசைக்கல் கழுவாமல் கிடந்தது. "ஒரு முட்டையே ரெண்டு வேளைக்கு வருது" என்றார், குறைபட்டுக்கொள்வதுபோல. கல்லைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். நாலு பிளவுஸ் பாக்கி இருந்தது.