சிவப்புத் துணிக்காரன்

பட்டாளத்துக்காரர்கள் கூட்டமாக ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்த்தேன். ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. தமிழர் வீடுகளை எரித்த கலவரம் முடிந்த மறு வருஷம், வட்டகொடையிலிருந்து பூண்டுலோயாவுக்கு இறங்கும் ரோட்டோரம், சும்மா கிடந்த பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றில் கொஞ்சம் சிங்களப் பட்டாளத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். காவலுக்கு என்றார்கள். யாரிடமிருந்து யாருக்குக் காவல் என்று தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. காலையில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். என் மனைவி அப்போது நிறைமாதம். அந்தச் சத்தம் தேய்ந்து போகும்வரை என் கையை விடமாட்டாள்.

நான் தோட்டத்து லொறி டிரைவர். அவர்கள் ஓடுவதும் அந்த ரோட்டில்தான், நான் ஓட்டுவதும் அந்த ரோட்டில்தான். பயந்தவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது போலும், அவர்களுடைய ஒழுங்கெல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்று வரிசை. மெதுவாக ஓடுகிறவர்கள் முன்னால், நெட்டைக்கால்கள் பின்னால். முன்னால் இருப்பவன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். நடத்துகிற சார்ஜன் முன்னால் போகமாட்டார். பக்கத்தில் ஓடிக்கொண்டே கால் கணக்குக்குக் குரல் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிக் கத்துவார்கள். வெகு முன்னால் ஒருவன், வெகு பின்னால் ஒருவன், வண்டிகளை மறிக்க இருவர் கையிலும் சிவப்புத் துணி. எவனாவது மூச்சிரைத்துப் பின்தங்கினால் அவனை விட்டுவிட்டுப் போவதில்லை. சார்ஜன் ஒரு சத்தம் கொடுப்பார், மொத்த வரிசையும் வளைந்து திரும்பி வந்து அவனை முன்வரிசையில் சேர்த்துக்கொள்ளும். பிறகு அவன் கால் போகிற வேகத்துக்குத்தான் ஓட்டம்.

"ஒரு ஆடு நொண்டுனா மந்தையே நொண்டுது பாத்தியா மச்சான்!" என்று என் மனைவியின் அண்ணன் சிரிப்பான். மூட்டை ஏற்றி இறக்க என்னோடு லொறியில் வருகிறவன் அவன். சிரித்தாலும் அவர்களைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வான்.

அன்று ரயில் ஸ்டேஷனில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ரோடே தெரியாத பனிமூட்டம். பிரேக் சரியில்லை என்று முதல் நாளே ஆபீசில் சொல்லியிருந்தேன். "மெதுவா போப்பா, ஒன்னும் ஆவாது" என்றார் அங்கிருந்த ஐயா, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. அவருக்கென்ன, உருண்டு போகப்போவது அவரா?

இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தேன். பெடல் அடிப்பலகை வரைக்கும் போய் அப்படியே கிடந்தது. கியரைக் குறைத்தேன், கைப்பிரேக்கை இழுத்தேன். வேகம் கொஞ்சம் அடங்கியது, லொறி நிற்கவில்லை. இடப்பக்கம் மலையின் மண்மேடு, வலப்பக்கம் பள்ளம். மேட்டில் மோதி நிறுத்துவோம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபோதுதான் பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. லெப்ட், ரைட், லெப்ட்.

"ஐயோ முருகா!" என்றான் மச்சான்.

பின்னால் ஓடுகிற சிவப்புத் துணிக்காரன் ரோட்டு நடுவில் நின்று கையைத் தூக்கினான். ஹார்னை விடாமல் அழுத்தித் தலையை ஆட்டினேன். அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் அந்தப் பாவி ஒதுங்கவில்லை! எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினான். சார்ஜனிடமிருந்து ஒரே ஒரு சொல். அத்தனை பேரும் இடப்பக்க மண்மேட்டில் பல்லியாய் ஒட்டிக்கொண்டார்கள். நான் மோத நினைத்த அதே மேடு. வலப்பக்கம் ஒடித்தேன். டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பள்ளத்தின் விளிம்பிலேயே லொறி ஓடியது, முகங்கள் முகங்களாகக் கடந்து போயின. அவர்களைத் தாண்டியதும் மேட்டில் கொண்டுபோய் இடித்தேன். வண்டி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது.

"மச்சான், அந்த ஆளு மேல பட்டுருச்சா?"

"தெரியலடா. என்னமோ டப்புன்னு கேட்டுச்சு."

பின்னால் பனிக்குள் சார்ஜன் "நம்பர்!" என்று கத்தினார். ஒவ்வொருவனாக எண் சொன்னான். ஒவ்வொரு எண்ணுக்கும் எனக்கு உயிர் வந்தது, அடுத்த எண் வரும்வரை போனது. எண்கள் முடிந்தன. பிறகு சார்ஜன் பின்னால் ஓடினவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

"ஓடிருவோமா?" மச்சான் கதவுப் பிடியில் கையை வைத்தான்.

"எங்கடா ஓடுறது? லயத்துல ஒன் தங்கச்சி இருக்கா."

தமிழன் லொறியை ஏற்றிப் பட்டாளத்துக்காரனைக் கொன்றுவிட்டான் என்று ஆகிவிட்டால் பிரேக்கைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? இன்று இருட்டுவதற்குள் எங்கள் லயத்தில் ஒரு கூரையாவது மிஞ்சுமா? அவள் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு எந்தத் தேயிலைக்குள் ஓடி ஒளிவாள்?

பூட்ஸ் சத்தம் கிளம்பியது. வருகிறார்கள், தீர்ந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எங்களை நோக்கி வரவில்லை, மேலே போனது. வரிசை திரும்பி அவனை எடுக்கப் போகிறது. போய் அப்படியே அடங்கிவிட்டது.

மறுபடி பூட்ஸ் சத்தம் இறங்கி வந்தது. ரொம்ப மெதுவாக. அவர்கள் அப்படி நடந்து நான் கேட்டதே இல்லை. பிணத்தைத் தூக்கி வருகிறவர்கள்தான் அப்படி நடப்பார்கள். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பனியிலிருந்து முன்வரிசை வெளியே வந்தது. நடுவில் அவன். உடம்பெல்லாம் மண், தலையில் தேயிலைக் கொழுந்து, ஒரு காலில் பூட்ஸ் இல்லை. சிவப்புத் துணியை முழங்காலில் கட்டியிருந்தான். பள்ளத்துப் பக்கம் குதித்துத் தேயிலைச் செடியில் சிக்கி மயங்கிக் கிடந்திருக்கிறான். டப்பென்று விழுந்தது லொறியிலிருந்த அரிசி மூட்டை. அவன் நொண்டி நொண்டி ஓர் அடி வைக்க, அத்தனை பேரும் அவனுக்குத் தக்கபடி ஓர் அடி வைத்தார்கள்.

சார்ஜன் கதவைத் திறந்து, குனிந்து பெடலைக் கையால் அமுக்கினார். அது தடையில்லாமல் உள்ளே போனது. இந்த வண்டியை ரோட்டில் விட்டவனைச் சிங்களத்தில் நல்லா நாலு வார்த்தை திட்டினார். என்னைத் திட்டவில்லை.

அப்போது அந்தத் துணிக்காரன் நொண்டிக்கொண்டே லொறிக்கு முன்னால் வந்து நின்றான். முன்பு தூக்கின மாதிரியே கையைத் தூக்கி, "இப்பவாவது நிறுத்து!" என்றான் சிங்களத்தில். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்ததுமே என் வலது கால் அடிப்பலகை வரை பெடலை மிதித்துவிட்டிருந்தது. எடுக்க முடியவில்லை. மச்சான்தான் குனிந்து இரண்டு கையாலும் என் காலைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தான்.