சாம்பலில் குளித்த கோழிகள்

குப்பை வேலைக்கு வந்தால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும்; அக்கம்பக்கத்துச் சண்டைதான் கடைசிவரை பழகாது.

அந்தமானில், போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வண்டிக்கு நான் சூப்பர்வைசர். தெருவில் என் பெயர் கச்சரா மேடம், அதாவது குப்பை மேடம். 'பிரித்துக் கொடுங்கள், எரிக்காதீர்கள்' என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்த ஜென்மம். அடுத்த வீட்டுப் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து புழுங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், நீங்கள் நம்ம ஆள்.

எந்த நாட்டுப் புகை?

எங்களுக்கு ஒரு ட்ரெயினிங் வைத்தார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த அதிகாரி திரையில் படம் போட்டு டையாக்சின் என்ற நஞ்சைப் பற்றிச் சொன்னார். பிளாஸ்டிக்கையும் வயரையும் எரித்தால் வருமாம். போரில் வியட்நாம் காடுகள்மேல் தெளித்த மருந்தில் இது கலந்திருந்ததாம். இத்தாலியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, சனங்களை வீட்டைவிட்டே ஓட வைத்ததாம். மண்ணில் விழுந்தால் லேசில் போகாது. மீன், முட்டை, பால் என்று கொழுப்பு இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கடைசியில் நமக்குள் வந்து குடியேறிவிடும்.

நான் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். வண்டி ஓட்டும் பிஸ்வாஸ் தாதா என் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பெங்காலிக்காரர், எங்களோடு சேர்ந்து தமிழ் பழகியவர். அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. வெளியே வந்ததும் நிதானமாகக் கேட்டார்: "தீதி, வியட்நாம் எல்லாம் சரி. சரவணன் வீட்டுப் பின்னாடி எரியுதே, அது எந்த நாடு?"

மழைக்காலச் சாமர்த்தியம்

சரவணன் பழைய இரும்புக் கடைக்காரன். திருநெல்வேலிப் பக்கம். பழைய கேபிள்களை வாங்கி, மேல்தோலை எரித்துவிட்டுச் செம்பை மட்டும் எடுப்பான். தோலோடு மெயின்லேண்டுக்கு அனுப்பினால் கப்பலில் இடத்தை அடைக்கும், கட்டுப்படியாகாது என்பான். கொடியில் காயும் துணியெல்லாம் கரி என்று தெருவே புகார் சொன்னது. நான் போய்ப் பேசினேன். டீ கொடுத்தான், தலையை ஆட்டினான். அதற்கப்புறம் புகையே இல்லை. பரவாயில்லையே, நம்ம பேச்சுக்கும் மரியாதை இருக்கிறது என்று ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒருநாள் அடைமழையில் அவன் வீட்டுப் பக்கம் ஒதுங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. பின்பக்கம் தகரக் கூரை போட்டு, அதன் கீழே ஜம்மென்று எரித்துக்கொண்டிருந்தான். மழை கொட்டும்போது மட்டும் எரிப்பானாம். மழை புகையை அமுக்கிவிடும், துணியும் கொடியில் இருக்காது. நம்ம தீவில் மழைக்கா பஞ்சம்? என்னைப் பார்த்ததும் அவன் சொன்னான்: "உங்க பேச்சைத் தட்டுவேனா மேடம்? இப்ப ஒரு கம்ப்ளெயின்ட் உண்டா, சொல்லுங்க?"

பாண்டியம்மா அக்கா வீட்டு முட்டை

சரவணனுக்கு அடுத்த வீடு பாண்டியம்மா அக்கா. மதுரைக்காரி. மகள் செல்வி பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஆண் குழந்தை. பால் கொடுக்கிற உடம்பு என்று தினமும் காலையில் அவளுக்கு நாட்டுக்கோழி முட்டை. கடை முட்டையை அக்கா வாசலிலேயே சேர்க்க மாட்டாள்.

குழந்தையைப் பார்க்கப் போனேன். முற்றம் முழுக்கச் சேறு, ஒரு கோழியைக் காணோம். எங்கே என்று கேட்டதற்கு, அக்கா வேலிப் பக்கம் பெருமையாகக் கைகாட்டினாள். மொத்தக் கோழியும் சரவணனின் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தது. கோழிக்கு உலர்ந்த புழுதியில் புரண்டு குளித்தாக வேண்டும். மழைக்காலத்தில் கராச்சர்மாவிலேயே உலர்ந்த இடம் அந்தச் சாம்பல் ஒன்றுதான். இறக்கையை அடித்து அடித்துக் குளித்தன. நடுநடுவே கொத்தியும் தின்றன.

சாம்பலிலிருந்து முட்டைக்கும் முட்டையிலிருந்து பாலுக்கும் நஞ்சு போகும் வழியை, சுற்றி வளைக்காமல் அக்காவிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, பிள்ளைக்குப் பாலை நிறுத்த வேண்டுமா என்பதுதான். கூடவே கூடாது அக்கா, பால் கொடுக்கட்டும், முட்டையை மட்டும் நிறுத்து என்றேன். ட்ரெயினிங்கில் நானும் அதையே கேட்டு, அதிகாரியிடம் இந்தப் பதிலைத்தான் வாங்கியிருந்தேன். இதுவரை எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்றாள். அதை அளந்து சொல்ல எங்களிடம் ஒன்றும் கிடையாது என்பதைச் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அழவில்லை. தூங்குகிற பேரனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சத்துன்னு நினைச்சு என் கையாலயே உரிச்சுக் குடுத்தேனே தாயி."

கூடையோடு போனாள்

மறுநாள் காலை அக்கா முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு சரவணன் வீட்டுக்குக் கிளம்பினாள். கொலை விழப்போகிறது என்று நானும் பிஸ்வாஸ் தாதாவும் வண்டியை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினோம். சரவணன் சிரித்தான். என் சாம்பல் என் இடத்தில்தானே கிடக்கிறது, கோழியை நீங்கள்தானே கட்டிப்போட வேண்டும் என்று நியாயம் பேசினான்.

அதற்குள் அவன் குட்டி மகள் யாழினி உள்ளேயிருந்து ஓடிவந்து கூடைக்குக் கீழே கையை நீட்டினாள். தினமும் செல்விக்கு அவிக்கும்போது இவளுக்கும் சேர்த்து ஒன்று அவித்துத் தருவது அக்கா வழக்கம். சரவணனுக்கும் அது தெரியும். வேலியோரம் நின்று அவள் தின்பதைப் பார்த்திருக்கிறான். அக்கா கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள். குழந்தை அழ ஆரம்பித்தாள். சரவணன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அக்கா குனிந்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கு முட்டை இல்ல கண்ணு. ஏன்னு உங்க அப்பாகிட்ட கேளு."

கத்தியும் கேபிளும்

அதற்கப்புறம் அந்தக் கூரைக்குக் கீழே நெருப்பு இல்லை. சாம்பலையும் அடிமண்ணையும் முகத்தை மூடிக்கொண்டு நாங்களே மூட்டை கட்டினோம். அதை ஒழிக்க இங்கே வசதியில்லாததால், எங்கள் ஷெட்டில் மெயின்லேண்ட் கப்பலுக்காகக் காத்துக் கிடக்கிறது. தீவில் யார்தான் கப்பலுக்குக் காத்துக் கிடக்கவில்லை? கோழிகள் வலைக்குள். அக்கா வாசலுக்குள் இப்போது கடை முட்டை வருகிறது, வரும்போதெல்லாம் நாலு வசவு வாங்கிக்கொண்டு. பேரன் கொழுகொழுவென்று இருக்கிறான். ஆனாலும் அவனைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது.

சரவணனும் அவன் பெண்டாட்டியும் வாசலில் உட்கார்ந்து, முருங்கைக்காய்க்கு நார் உரிப்பதுபோலக் கத்தியால் கேபிளின் தோலை உரிக்கிறார்கள். மேற்பார்வை அக்காதான், பேரனை மடியில் போட்டுக்கொண்டு. போன வாரம் சரவணன் கொப்புளம் கண்ட கையை என்னிடம் நீட்டி, பரிதாபமாக ஏதோ சொல்லவந்தான். கோழிக்கு உடம்பு சரியில்லை என்றுதான் யாழினியிடம் சொல்லியிருந்தோம்; அதற்குள் அவள், அது எப்போது சரியாகும் என்று அக்காவைக் கேட்டாள். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை: "உங்கப்பன் கை நல்லாக் காய்ச்சுப் போகட்டும், அப்புறம் பாப்போம்."

வியட்நாமையும் இத்தாலியையும் காட்டி நான் அணைக்க முடியாத நெருப்பை, கொடுக்காத ஒரே ஒரு முட்டை அணைத்துவிட்டதால், அடுத்த ட்ரெயினிங்குக்கு என்னை விட்டுவிட்டு அக்காவையே பேசக் கூப்பிடச் சொல்லி ஆபீஸில் சொல்லியிருக்கிறேன்.