‘எனக்கு’ என்ற கோப்பு

அக்கா அனுப்பிய முதல் கோப்பின் பெயர் ‘தகரம்’.

அப்போது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவின் கூரை மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். சம்பளத்தைக் கையில் நோட்டாகத் தருவார்கள். ஆனால் பணம் அனுப்பும் கடைக்குப் போக அந்த வீட்டம்மா விடமாட்டாள். கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருந்த மலையாளி அண்ணனிடம் பால் வாங்கப் போக மட்டும்தான் அனுமதி. அவர் நோட்டை வாங்கிக்கொண்டு, அதற்குச் சமமான டிஜிட்டல் காசை அவள் கைப்பேசிக்கு அனுப்பிவிடுவார். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தேடிப் பிடித்து அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஹட்டனில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதிதாக ஒன்றைப் படித்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் காசு ஒரு கோப்பு, அவ்வளவுதான். திறந்து பார்த்தால் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி இருக்கும். ஆளின் பெயர் கிடையாது, கையெழுத்து கிடையாது. அது யாரிடம் இருக்கிறதோ அவர் செலவழிக்கலாம். எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம், ஆனால் காசு ஒரு தடவைதான் கிடைக்கும். எங்கோ ஒரு நாட்டில் உள்ள கணினி, இந்த வரி முன்பே வந்ததா என்று பார்க்கும். முதலில் கொண்டுபோனவருக்குப் பணம். அடுத்து வருபவருக்கு ‘செலவாகிவிட்டது’ என்று பதில்.

“லொத்தர் டிக்கட் மாதிரிப்பா. நீங்க நூறு போட்டோக்கொப்பி எடுத்தாலும் பரிசு ஒருக்காத்தான்” என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

“லொத்தர்னா நமக்கு விழாதே பாப்பா” என்றார் அப்பா.

லயத்து முனையில் கடை வைத்திருந்தவரிடமும் போய்ச் சொன்னேன். இந்தச் சல்லியை எலி கடிக்குமா என்று கேட்டார். கடிக்காது என்றேன். அப்படியென்றால் அது சல்லியே இல்லை என்று சொல்லிவிட்டுப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார். ஹட்டன் பஜாரில் கைப்பேசி பழுது பார்க்கும் ஓர் அண்ணன்தான் அதை வாங்கிக்கொண்டு ரூபாய் தந்தார். வெளிநாட்டிலிருந்து உதிரிப் பாகங்கள் வரவழைக்க அவருக்கு அது தேவைப்பட்டது.

கோப்புக்குப் பெயர் வைக்கலாம் என்று நான் சொன்னது அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நோட்டில் எழுதினால் கடைக்காரன் வாங்கமாட்டான், இதில் எழுதலாம் என்று சிரித்தாள். ‘தகரம்’ வந்தது. ‘அப்பா கண்ணாடி’ வந்தது. ‘பாப்பா வகுப்பு’, ‘தீபாவளி’, ‘கோயில் பங்கு’ எல்லாம் வந்தன. எவ்வளவு என்று அம்மா ஒருநாளும் முதலில் கேட்டதில்லை. கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து வந்து, நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கும்போதே, “என்ன பேரு போட்டிருக்கா?” என்பாள். போட்ட பெயர் போட்டதுதான். வீட்டில் அரிசி இல்லாத ஒரு வாரம்கூட ‘தீபாவளி’யைத் தொட அம்மா விடவில்லை. முனைக் கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்கினோம். ‘தகரம்’ வந்து சேர்வதற்குள் தகரத்தின் விலை ஏறிவிட்டது. அதனால் பாதிக் கூரைதான் போட முடிந்தது. மீதிப் பாதிக்கு அம்மா வேறு கோப்பிலிருந்து எடுக்கவில்லை. அங்கே பழைய தார்ச் சீட்டு அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் ‘எனக்கு’ வந்தது.

அக்கா நோர்வூட் பஜாரில் ஒரு சின்னக் கடை எடுத்துத் தையல் மெஷின் போட வேண்டும் என்று இருந்தாள். அந்தப் பணம் சேர்ந்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவாள், இனிப் போகமாட்டாள். சேராவிட்டால் மறுபடி கையெழுத்துப் போட வேண்டியதுதான். மாதம் ஒருமுறை பழைய கோப்பை அந்தக் கணினிக்குக் கொடுத்து, புதிய காசையும் சேர்த்து ஒரே கோப்பாக மாற்றிக்கொள்வாள். கைப்பேசி உடைந்தால் என்ன செய்வது என்று ஒரு பிரதியை எனக்கும் அனுப்பிவைப்பாள். இரண்டில் எதைத் தொடுவதென்றாலும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுத்தான் என்று பேச்சு.

பேசுவதற்கு எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான். அன்றைக்குத்தான் வீட்டம்மா தன் தாய்வீட்டுக்குப் போவாள், அக்காவிடம் கைப்பேசியைக் கொடுப்பாள். எங்கள் பக்கம் சிக்னல் வாசற்படியில்தான் கிடைக்கும். அதனால் ஸ்பீக்கரில் போட்டுப் படியில் வைத்துவிடுவோம். அக்காவின் குரல் கேட்டதும் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றுகொள்வார்கள். இளைத்துவிட்டாயா, அங்கே வெயிலா, எப்போது வருகிறாய் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். கெட்ட சேதி மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அழக்கூட இடம் இருக்காது என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பாதிக் காம்பராக்களிலிருந்து யாராவது ஒருத்தி வெளிநாட்டுக்குப் போயிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டில் நின்ற அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து லொறியில்தான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். ஊருக்கே மருந்துத் தட்டுப்பாடாக இருந்த சமயம் அது. தாதி மிஸ் ஒரு துண்டுக் காகிதத்தில் மருந்தின் பெயரையும் ஒரு பரிசோதனையையும் எழுதி, இரண்டையும் வெளியில்தான் பார்க்க வேண்டும், சீக்கிரம் என்று சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். விலையையும் சொன்னேன்.

அம்மா மலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். இடுப்பில் படங்கு ஈரமாக இருந்தது. தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, அவளுடைய ஃபைல் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது, அக்காவிடம் கேட்கவில்லை என்றேன். வெள்ளிக்கிழமைதான் கேட்க முடியும் என்றேன்.

“கேட்டா எடுக்கச் சொல்லிருவா பாப்பா. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

கொஞ்ச நேரம் படங்கின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் இறுகியிருந்தது. அதை விட்டுவிட்டு, “எடு” என்றாள்.

கோப்பை ஹட்டன் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அந்த வரியைக் கொடுத்துக் காசாக்கி, என் வங்கிக் கணக்கில் ரூபாயைப் போட்டார். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதுதான் இந்தக் காசின் அருமை, எல்லை கிடையாது, வரிசை கிடையாது, லீவு நாள் கிடையாது என்று வகுப்பில் நின்று நானே பேசியிருக்கிறேன். அன்றைக்கு அது இவ்வளவு வேகமாக இருந்திருக்க வேண்டாம் என்று இருந்தது. கைப்பேசியைப் பார்த்தேன். ‘எனக்கு’ அங்கேயே இருந்தது. அதே பெயர், அதே வரி, ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. நோட்டைக் கொடுத்தால் கையாவது காலியாகும்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா வார்டில் இருந்தார். ஆண்கள் வார்டு என்பதால் சித்தப்பா கூட இருந்தார். அம்மாவும் நானும் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்திருந்தோம். கைப்பேசி அடித்ததும் எல்லோரும் வழக்கம்போல வந்து நின்றார்கள். அப்பா எங்கே என்று அக்கா கேட்டபோது அம்மா உடுப்புப் பையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த காம்பராப் பெரியம்மாதான் குனிந்து, அப்பா தூங்குகிறார் கண்ணு, ராத்திரி காவல் வேலை என்று சொன்னார். சின்னப் பிள்ளைகள்கூட வாயைத் திறக்கவில்லை.

“என் ஃபைல இப்பத்தான் பாத்தேன் பாப்பா, அப்பிடியே இருக்கு” என்றாள் அக்கா. “அதப் பாத்தாத்தான் அடுத்த வேலைக்கு எந்திரிக்கத் தெம்பு வருது. ஒன்கிட்டயும் இருக்குல்ல?”

“இருக்குக்கா.”

இருந்தது. இரண்டு நாட்டில் இரண்டு கைப்பேசியில் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா வார்டிலேயே போய்விட்டார். தோட்டத்துக்குக் கொண்டுவந்து, தப்பு அடித்து, தேயிலைக்கு நடுவில் மண் போட்டோம். அக்காவின் கைப்பேசி அணைந்தே கிடந்தது. அந்த வீட்டின் நம்பர் எங்களிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை அடித்தபோது வாசலுக்கு யாரும் வரவில்லை. வரிசையாகக் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும் கதவிடுக்கில் நின்று, மேலே போய்ப் பேசு என்று கையைக் காட்டினார். ஸ்பீக்கரில் போடாமல், காதோடு பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிவரைக்கும் ஏறினேன். அங்கேயும் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும்.

அப்பா இல்லை என்றேன். அந்தப் பக்கம் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக் குளியலறையாக இருக்கும். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. பிறகு, மண்ணு போட்டாச்சா என்று மட்டும் கேட்டாள். போட்டாச்சு என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேகமாகப் பேச ஆரம்பித்தாள். அம்மா தனியாக இருக்கக்கூடாது, முப்பதாம் நாள் காரியத்துக்குள்ளேயாவது தான் வந்துவிட வேண்டும், ஒப்பந்தத்தை முறித்தால் கட்டச் சொல்வதைக் கட்டிவிடலாம், மெஷின் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

“என் ஃபைல மாத்தி டிக்கட் போடு பாப்பா.”

“அது இல்லக்கா.”

“இருக்கே. பாத்துக்கிட்டுத்தான் பேசுறேன்.”

லயம் முழுக்கப் போய் விளக்கியவள் நான். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே கேட்டாள்.

“அப்பாவுக்கா?”

“ஆமாக்கா.”

“போதுமா இருந்துச்சா?”

“போதும்க்கா. மருந்தெல்லாம் வாங்குனோம்.”

நல்லது என்றாள். வீட்டம்மா வருகிற நேரம் என்று வைத்துவிட்டாள். உண்மையில் போதவில்லை. மிச்சத்துக்கு அம்மா தோட்டைக் கழற்றியிருந்தாள். அதை நான் இன்றுவரை அக்காவிடம் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிந்தபோது அக்கா மறுபடி கையெழுத்துப் போட்டாள். செலவான ஃபைலை அழித்துவிட வேண்டுமா என்று ஒருநாள் கேட்டாள். அழிக்கலாம், அதனால் ஒன்றும் ஆகாது, இனி அது வெறும் எழுத்து என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை தன் கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கோப்பு இருந்தது. ‘எனக்கு’ என்றிருந்த பெயரை ‘அப்பா’ என்று மாற்றியிருந்தாள். என்னிடம் உள்ள பிரதியில் பழைய பெயரே இருக்கிறது. மாற்றலாமா என்று திறப்பேன், மூடிவிடுவேன்.

அதற்குப் பிறகு வருகிற கோப்புகளுக்கு அவள் பெயர் வைப்பதில்லை. கைப்பேசி தானாகக் கொடுக்கிற எழுத்தும் எண்ணும்தான் தலையில் இருக்கும். அப்படி முதலில் ஒன்று வந்தபோது நல்ல மழை. அம்மா மலையிலிருந்து நனைந்துபோய் வந்து, படங்கை அவிழ்த்துக்கொண்டே, என்ன பேர் போட்டிருக்கிறாள் என்று கேட்டாள்.

பேர் போடவில்லை, அநேகமாகக் கூரைக்காக இருக்கும், மீதித் தகரத்தைப் போட்டுவிடலாம் என்றேன்.

“அவ சொன்னாளா?”

“சொல்லல.”

“அப்ப அது அவளுக்குத்தான். தொடாத.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு சட்டியை எடுத்து வந்தாள். தார்ச் சீட்டு ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வைத்தாள்.