இடது பக்கத்துப் பாட்டு

நான் அவரை அடித்தது கம்பெனி பஸ்ஸில், விடியற்காலை ஷிப்டுக்குப் போகும்போது, பெருங்களத்தூர் தாண்டியதும். காரணம் ஒரு பாட்டு.

அப்போது நான் மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர். இரும்புத் தகட்டின் மேல் இறங்கி இறங்கி ஏறும் மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்த அடி பல்லுக்குள் இருக்கும். அதையே சாக்காக வைத்து நான் பலரை அடித்திருக்கிறேன். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் அருகே என் வண்டியை இடித்தவனை, பக்கத்து வீட்டுக்காரரை, ஒரு முறை சொந்தத் தம்பியைக் கரண்டிக் காம்பால். மனைவியை அடித்ததில்லை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். ஆனால் அவள் தலைக்கு அரை அடி மேலே சுவரில் சொம்பை எறிந்திருக்கிறேன். அவளுக்கு அதுவும் அடிதான்.

அன்று பஸ்ஸில் நான் அடித்தவர் எங்கள் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். என்னைவிட இரண்டு வயது இளையவர். குரோம்பேட்டையில் ஏறுவார், நான் தாம்பரத்தில் ஏறும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். மடியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். அதில் எப்போதும் பழைய இங்கிலீஷ் பாட்டு. அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பின மக்கள் பாடியவை, அதற்குப் பிறகு வந்த ஆட்டப் பாட்டுகள். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த அவருடைய அப்பா வீட்டில் போட்டுப் பழக்கிய பாட்டுகளாம்.

அவரை அடித்ததற்கு முந்தின நாள் என் பக்கத்து மெஷின்காரருக்கு இரண்டு விரல் போயிருந்தது. கையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். தூக்கமே இல்லை. பஸ்ஸில் ஏறினால், ஸ்பீக்கரில் ஒரு பெண் கைதட்டலோடு சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"சார், அத்த நிறுத்து," என்றேன்.

"முடியப் போகுதுண்ணா. அரை நிமிஷம்."

விரிந்த கையால் காதோடு சேர்த்து அறைந்தேன். ஸ்பீக்கர் கீழே உருண்டது. அதை மிதித்து நசுக்கினேன். அவர் எழ முயன்றார். காலரைப் பிடித்து முகத்தில் குத்தினேன். மூக்கு உடைகிற சத்தம் என் விரல் எலும்பில் கேட்டது. அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். நான்கு பேர் என்னைப் பின்னால் இழுத்தார்கள். டிரைவர் வண்டலூரில் ஓரம் கட்டினார்.

கம்பெனி விசாரணையில் அவர் சொன்னது ஒரே வரி: "பஸ் பிரேக் போட்டப்போ கம்பியில மோதிக்கிட்டேன்." பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார்கள். என் வேலை தப்பியது. அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது ஒருவன் என் முதுகில் உதைத்தான். அவருடைய மனைவியின் தம்பி. கூட இன்னொருவன். ஹெல்மெட்டால் அடித்தார்கள். வாயில் ஒரு பல் தனியாக உருண்டது. தோள்பட்டையில் ஏதோ முறிந்தது. பூக்காரம்மா கூடையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள். ஜனம் எங்களைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"எங்க மாமாவுக்கு ஒரு காது போச்சுடா," என்றான் அவன், என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி. "ஜவ்வு கிழிஞ்சு, நரம்பும் அடிபட்டு, இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாட்டு கேட்டதுக்கா?"

எனக்கு அப்போதுதான் தெரியும். நான் திருப்பி அடிக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். கை தூக்க வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தார். மூக்கில் இன்னும் பிளாஸ்திரி. கட்டிலுக்கு வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

"மச்சான் செஞ்சது தப்பு. நான் அனுப்பலண்ணா."

"என்னிய ஏன் சார் காட்டிக் குடுக்கல?"

"உங்க வேலை போனா என் காது வந்துடுமா?" பிறகு தன் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. உங்களப் பார்த்தா இப்பவும் இப்படித்தான் ஆகுது."

எலும்பு கூடி நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கையைக் காட்டினார். இயர்போனின் ஒரு முனையை என்னிடம் தந்தார்.

"இந்தப் பழைய பாட்டெல்லாம் ரெண்டா பிரிச்சுப் பதிவு பண்ணியிருப்பாங்க. பாடறவர் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். எனக்கு இப்ப வலது பக்கம்தான் கேக்குது. இடது பக்கம் என்ன வருதுன்னு நீங்க சொல்லணும்."

"போன்ல ரெண்டையும் ஒண்ணாக்குற வசதி கீதாமே சார்."

"இருக்கு. போட்டுப் பார்த்தேன். காலையில டிரெயின்ல எல்லாரும் ஒரே கதவுல ஏறுற மாதிரி இருக்கு. நீங்க சொல்லுங்க."

அது தண்டனை என்று எனக்குப் புரிந்தது. காதில் வைத்துக்கொண்டேன்.

இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. கேட்டதைச் சொன்னேன். "ரெண்டு பொம்பளைங்க அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கினு கீறாங்க. இப்ப ஒருத்தன் தட்டுறான். நம்ம பிரஸ் மாதிரியே அடி விழுது சார். ஆனா ஒரு மயிரிழை லேட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "அந்த மயிரிழைதான்," என்றார்.

வருஷக்கணக்காக மெஷினோடு நின்றவனுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. மெஷின் நேரத்துக்கு இறங்கிவிடும். இந்த டிரம் ஆள் ஓங்கின கையை ஒரு கணம் பிடித்து வைத்து, அப்புறம் விடுகிறான். அந்த இடத்தில் உடம்பு தானாக ஆடுகிறது. கொஞ்ச நாளில் எனக்கே பிடித்த பாட்டுகள் வந்தன. தொண்டை கிழியக் கெஞ்சும் ஒருவனைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

"இன்னா சொல்றான் சார்?"

"போகாதேன்றான்."

"அவ்ளோதானா?"

"மூணு நிமிஷமும் அதேதான்."

ஏழு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் வெல்டிங் பிரிவு ஆள் ஒருவன், "செவிட்டு சாருக்கு இன்னாத்துக்குப் பாட்டு?" என்று அவர் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினான். அவன் தலைமுடியைப் பிடித்து முன்சீட்டுக் கம்பியில் மோதினேன். இரண்டாம் முறையும் மோதினேன். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. பொத்தேரியில் பஸ் நின்றபோது டீக்கடையில் நின்ற காலேஜ் பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் புருவம் பிளந்து முகமே தெரியவில்லை. என் வாயில் ஒரு இனிப்பு ஊறியது. அதைச் சொல்லாமல் விட்டால் இதெல்லாம் எழுதிப் பிரயோஜனமில்லை.

இந்த முறை யாரும் எனக்காகப் பொய் சொல்லவில்லை. அவரும்தான். வேலை போனது, போலீஸ் கேஸும் ஆனது. கம்பெனி கேட்டுக்கு வெளியே அவருக்காகக் காத்திருந்தேன்.

"உங்களத்தான சார் கேவலமா பேசினான்," என்றேன்.

"எனக்காக அடிச்சேன்னு சொல்லாதீங்கண்ணா. உங்களுக்கு அடிக்கணும், அடிச்சீங்க. அதுல என்னச் சேர்க்காதீங்க."

யாருடைய பைக் பின்னாலோ ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை.

இப்போது நான் சின்ன லோடு வண்டியில் பொத்தேரி மாணவர்களின் அறைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறேன். வண்டியில் அந்தப் பாட்டுகள்தான். யாராவது குறுக்கே புகுந்தால் கை தானாக மூடிக்கொள்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாட்டு முடியும்வரை காத்திருக்கிறேன். சில நாள் அது போதுகிறது. ஒரு நாள் போதவில்லை, என் வண்டிக் கண்ணாடியையே உடைத்துக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் நானாகத் தேடிக் கண்டுபிடித்த ஒரு பாட்டை அவருக்குப் போனில் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வரும், பதில் வராது. பல வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. இரண்டு மாதத்துக்குப் பின், மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்.

குரோம்பேட்டையில் மாடி வீடு. அவர் ஆட்டப் பாட்டைப் போட்டார்; வீடே எழுந்து ஆடியது. என் தோளை உடைத்த மச்சினன் ஆடிக்கொண்டே என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவர் மட்டும் ஒரு தடவை என் அருகில் வந்து, "இது நீங்க அனுப்பினதுதான்," என்றார். அவருடைய மனைவி பிரியாணித் தட்டை மேஜையில் வைத்து என் பக்கம் தள்ளினார், கையில் தரவில்லை. நான் கிளம்பும்வரை பிறந்தநாள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.